லேப்டாப் ஃபேன் சத்தம்: ரெசிஸ்டரா, மென்பொருளா, புது ஃபேனா?

லேப்டாப் ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு மூன்று யோசனைகள் இருக்கும். ஃபேன் வயரில் ஒரு ரெசிஸ்டரை (மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு பாகம்) போட்டு வேகத்தைக் குறைத்துவிடலாமா? அடிமூடியில் துளை போட்டால் காற்று நன்றாகப் போகுமா? புது ஃபேனே மாட்டிவிடலாமா? இல்லை, மென்பொருளிலேயே ஏதாவது செய்ய முடியுமா? இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு லேப்டாப்பில் பலன் தந்தவைதான். அந்த லேப்டாப்பின் சத்தமும் உங்கள் லேப்டாப்பின் சத்தமும் ஒரே காரணத்தால் வந்தவையா என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். உள்ளே வெப்பம் இருப்பதால்தான் ஃபேன் சுற்றுகிறது. வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டு ஃபேனை மட்டும் அடக்கப் பார்த்தால் பெரும்பாலும் தோல்விதான். ஃபேனிலேயே கோளாறு இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவை தனி ரகம், கண்டுபிடிப்பதும் சுலபம்.

## முதலில், எந்தச் சத்தம்?

ஃபேன் சத்தம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் நான்கு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது காற்றுச் சத்தம். கனமான வேலை கொடுத்த சில நொடிகளில் 'உஷ்ஷ்' என்று எழும்பி, வேலை முடிந்ததும் அடங்கும். இது வெப்பத்தின் நேரடி விளைவு. இதிலேயே சில லேப்டாப்களில் விசில் மாதிரி ஒரு கூர்மையான ஒலி கலந்திருக்கும். நிமிடத்துக்கு 4,500 சுற்று என்றால் நொடிக்கு 75 சுற்று. ஃபேனில் 37 இறகுகள் இருந்தால் 2,775 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி உருவாகும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அளவில் சிறிய சத்தம்கூட எரிச்சலூட்டுவது இதனால்தான். 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் இறகுகளைச் சமமில்லாத இடைவெளியில் அமைத்ததும், ஒலி ஒரே புள்ளியில் குவியாமல் பரவட்டும் என்றுதான்.

இரண்டாவது தேய்மானச் சத்தம். கரகரப்பு, டிக்டிக், உராய்வு. குறைந்த வேகத்திலும் கேட்கும். லேப்டாப்பைச் சற்றே சாய்த்தால் மாறும் அல்லது நின்றுவிடும். பேரிங் (ஃபேனின் அச்சைத் தாங்கும் பாகம்) போய்விட்டது, அல்லது இறகில் ஏதோ உரசுகிறது என்று பொருள். இங்கே குற்றவாளி ஃபேன்தான்.

மூன்றாவது, ஏறி இறங்கும் சத்தம். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே சில நொடிகளுக்கு ஒருமுறை ஃபேன் எழும்பி எழும்பி அடங்கும். ஒரே சீராக ஓடும் ஃபேனைக் காது பழகிக்கொள்ளும், இதைப் பழகிக்கொள்ளவே முடியாது.

நான்காவது ஃபேனே இல்லை. மின்சுற்றில் இருக்கும் சுருள்கள் அதிர்வதால் வரும் கீச்சொலி. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது ஒலியும் கூடவே மாறினால் அது இதுதான். ஃபேனை என்ன செய்தாலும் போகாது.

எதையும் வாங்கும் முன் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வைத்து, லேப்டாப்பைச் சும்மா விட்டுப் பாருங்கள். வெப்பநிலை, ஃபேன் சுற்று, சிபியு இழுக்கும் வாட் ஆகிய மூன்றும் வேண்டும். சும்மா இருக்கும்போதே வாட் அதிகமாக இருந்தால் பின்னணியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தினாலே சிலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள். எந்த வகைச் சத்தத்தை எவ்வளவு குறைக்கிறது? வேகத்தில் என்ன இழப்பு? பிடிக்கவில்லையென்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? வெளியே தெரியாத செலவு எது? தவறிப்போனால் எது கெடும்?

முதல் கேள்விக்கு ஒரு கணக்கு உதவும். ஃபேன் வேகம் 20% குறைந்தால் காற்றும் ஏறக்குறைய 20% குறையும், சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும். வேகம் பாதியானால் சுமார் 15 டெசிபல். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும். ஆக, வேகத்தில் சின்னக் குறைப்பே காதுக்குப் பெரிய நிம்மதி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

| வழி | எந்தச் சத்தத்துக்கு | வேக இழப்பு | திரும்ப முடியுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வாட் வரம்பு | காற்றுச் சத்தம், ஏறி இறங்குவது | கனமான வேலையில் மட்டும் | உடனே | சில லேப்டாப்களில் அமைப்பு பூட்டப்பட்டிருக்கும் |
| ஃபேன் கர்வ் மாற்றம் | ஏறி இறங்குவது | ஏறக்குறைய இல்லை | உடனே | தவறான மாடல் கோப்பு, மென்பொருள் முடங்கும் ஆபத்து |
| சுத்தம், தெர்மல் பேஸ்ட் | நாளாக ஆகக் கூடிய காற்றுச் சத்தம் | இல்லை | தேவையே இல்லை | பிரிக்கும்போது உடையும் கொக்கி, தவறான தடிமனில் பேட் |
| புது ஃபேன் | தேய்மானச் சத்தம் | இல்லை | முடியும் | தரம் குறைந்த நகல் |
| வயரில் ரெசிஸ்டர், டையோடு | உச்ச வேகச் சத்தம் மட்டும் | தேவைப்படும் நேரத்தில் அதிகம் | சிரமம் | ஃபேன் கிளம்பாமல் போவது, பிழைச் செய்தி |
| அடிமூடித் துளை | காற்றுச் சத்தம், சில மாடல்களில் | இல்லை | மூடி மாற்றினால் | மற்ற பாகங்களுக்குக் காற்று குறைவது |
| ஸ்டாண்ட், கூலிங் பேட் | காற்றுச் சத்தம், சிறிதளவு | இல்லை | உடனே | பேடின் சொந்தச் சத்தம் |

## வாட்டைக் குறைப்பது

காற்றுச் சத்தம் என்றால் நான் முதலில் கைவைப்பது இங்கேதான். ஒரு சிப் இழுக்கும் மின்சக்தி, அலைவெண்ணோடு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. உச்ச வேகத்தின் கடைசிப் படிகளுக்கு மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும். எனவே கடைசிப் பத்து சதவீத வேகத்துக்கு நாம் கொடுக்கும் வெப்ப விலை கொஞ்சநஞ்சமல்ல. இன்டெல் கோர் ஐ7-1255யூ சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 15 வாட், டர்போவில் (சிப் தற்காலிகமாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் நிலை) உச்சம் 55 வாட். ஓர் இணையப் பக்கம் திறக்கும் அரை நொடிக்காக அது 15 வாட்டை எங்கோ விட்டுவிட்டு மேலே பாய்கிறது, ஃபேனும் பின்னாலேயே ஓடுகிறது.

விண்டோஸில் மின்சக்தி அமைப்பில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். சிலவற்றில் இந்த அமைப்பை மறைத்து வைத்திருப்பார்கள். இது கொஞ்சம் முரட்டு வைத்தியம், வேகம் நன்றாகவே குறையும். இன்டெல் சிப்பில் த்ராட்டில்ஸ்டாப், ஏஎம்டியில் ரைசன்அட்ஜ் போன்றவற்றால் நீண்டநேர வாட் வரம்பையும் குறுகியநேர வாட் வரம்பையும் தனித்தனியே இறக்கலாம். இதுவே நுட்பமான வழி. 55 வாட்டை 25 ஆக்கிவிட்டு ஒருநாள் வேலை செய்து பாருங்கள். எழுத்து, உலாவி, வீடியோ பார்ப்பது எதிலும் வித்தியாசம் தெரிவது அரிது. வீடியோ எடிட்டிங், பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வது, விளையாட்டு ஆகியவற்றில் தெரியும்.

வேகம் குறையாமலே வாட்டை இறக்க அண்டர்வோல்ட் என்று ஒன்று உண்டு. அதே அலைவெண்ணுக்கு மின்னழுத்தத்தை மட்டும் சற்றுக் குறைப்பது. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், பல லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இந்த வசதியைப் பூட்டிவிட்டது. உங்களுடையதில் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். பூட்டியிருந்தால் அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்புவதை நான் சொல்லமாட்டேன். வாட் வரம்பே போதும்.

தவறிப்போனால் என்ன ஆகும்? வாட் வரம்பில் ஒன்றும் ஆகாது. அண்டர்வோல்ட் அளவு மீறினால் லேப்டாப் உறைந்து நிற்கும், சேமிக்காத வேலை போகும், மறுபடி தொடங்கினால் சரி.

## ஃபேன் கர்வை மாற்றுவது

எந்த வெப்பநிலையில் ஃபேன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்ற பட்டியல்தான் ஃபேன் கர்வ். இதை நடத்துவது லேப்டாப்புக்குள் இருக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்ற சின்ன சிப். ஏறி இறங்கும் சத்தத்துக்கு மருந்து இங்கே இருக்கிறது. வெப்பநிலை 50 டிகிரி தொட்டதும் ஃபேன் கிளம்பி, 49 ஆனதும் நின்றுவிடும்படி எழுதியிருந்தால் அது நாள் முழுக்க ஆடிக்கொண்டுதான் இருக்கும். கிளம்புவது 60இல், நிற்பது 50இல் என்று இடைவெளி விட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

பலரும் கர்வைத் தாழ்த்தி அமைதி தேடுவார்கள். நான் சில சமயம் எதிர்த்திசையில் போகச் சொல்வேன்: ஃபேனை ஒருபோதும் நிறுத்தாமல், காதுக்கு எட்டாத அடிமட்ட வேகத்தில் எப்போதும் ஓடவிடுவது. வெப்பம் சேராததால் பெரிய வேகத்துக்குத் தாவும் தேவையே குறைகிறது.

விண்டோஸில் நோட்புக் ஃபேன்கண்ட்ரோல், லினக்ஸில் திங்க்பேடுகளுக்குத் திங்க்ஃபேன், மேக்கில் மேக்ஸ் ஃபேன் கண்ட்ரோல் என்று கருவிகள் உண்டு. நோட்புக் ஃபேன்கண்ட்ரோல் கண்ட்ரோலரின் பதிவேட்டில் நேரடியாக எழுதுகிறது. வேறு மாடலுக்கான கோப்பைப் போட்டால் எழுதக்கூடாத இடத்தில் எழுதிவிடும், அது விளையாட்டல்ல. இன்னொன்று, மென்பொருள் நடுவில் முடங்கினால் ஃபேன் கடைசியாக இருந்த வேகத்திலேயே மாறாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். லினக்ஸின் திங்க்பேட் டிரைவரில் இதற்கென்றே ஒரு வாட்ச்டாக் இருக்கிறது: குறிப்பிட்ட நேரம் கட்டளை வராவிட்டால் ஃபேனைத் தானியங்கி நிலைக்குத் திருப்பிவிடும். உங்கள் கருவியில் அப்படி ஏதாவது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரே 'அமைதி' என்று ஒரு நிலை கொடுத்திருந்தால் முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் அது வாட்டையும் கர்வையும் சேர்த்தே இறக்கும்.

## சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவது

வாங்கியபோது அமைதியாக இருந்து, போகப்போகச் சத்தம் கூடியிருந்தால் நேராக இங்கே வாருங்கள். தூசி ஃபேனின் இறகுகளில் ஒட்டுவதைவிட, ஃபேனுக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையே ஒரு மெத்தைபோலப் படிவதுதான் பெரிய தடை. வெளியிலிருந்து காற்றடித்தால் அது உள்ளே தள்ளப்பட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, முடிந்தால் ஃபேன் மூடியைத் திறந்து எடுப்பதுதான் சரி. காற்றடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

சிப்புக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் உலோகத்துக்கும் (ஹீட்சிங்க்) இடையே பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். அதில் ஒரு நுணுக்கம். லேப்டாப் சிப்பில் உலோக மூடி கிடையாது. சூடேறி ஆறும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படும். மெல்லிய பேஸ்ட் முதல் வாரம் அற்புதமாக இருந்துவிட்டுச் சில மாதங்களில் சொதப்புவது இப்படித்தான். கெட்டியான பேஸ்ட், அல்லது 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும் ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற தகடு லேப்டாப்புக்குப் பொருத்தம். லிக்விட் மெட்டல் வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், சொட்டினால் மின்சுற்றையே இணைத்துவிடும்.

பக்கத்தில் இருக்கும் தெர்மல் பேடுகளை (மற்ற பாகங்களின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) மாற்றினால் அதே தடிமனில் மாற்றுங்கள். 1 மில்லிமீட்டருக்குப் பதில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் சிப்பின்மேல் சரியாக உட்காராது, வெப்பம் முன்பைவிடக் கூடும். புத்தம்புது லேப்டாப்பில் இதையெல்லாம் செய்து பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

## புது ஃபேன், அல்லது ஒரு சொட்டு எண்ணெய்

கரகரப்புக்கு வேறு வழியில்லை. மாடல் பெயரை வைத்து வாங்காமல், ஃபேனின்மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணை வைத்து வாங்குங்கள். டெல்டா, சனான் போன்ற தயாரிப்பாளர் பெயரும் அதில் இருக்கும். ஒரே லேப்டாப்புக்கு இரண்டு நிறுவனங்கள் ஃபேன் கொடுத்திருப்பது சகஜம். இரண்டு ஃபேன் உள்ளவற்றில் இடதும் வலதும் பெரும்பாலும் வேறு வேறு, மாற்றிப் போட முடியாது. உருவத்தில் அச்சு அசலாக இருக்கும் நகல்களில் பேரிங்கும் இறகு வடிவமும் வேறாக இருக்கும். புது ஃபேன் பழையதைவிடச் சத்தம் போடுகிறது என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எண்ணெய் விடுவது தற்காலிக நிவாரணம். ஸ்லீவ் பேரிங் ஃபேன்களில் சுழலும் பகுதியைக் காந்தம் மட்டுமே பிடித்திருக்கும், மெதுவாக மேலே இழுத்தால் வந்துவிடும். லேசான மெஷின் ஆயில் ஒரு சொட்டு போதும். சாதாரண டபிள்யூடி-40 கூடாது. அதில் பெரும்பங்கு கரைப்பான். இருக்கிற மசகையும் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும். புது ஃபேன் வந்து சேரும்வரை ஓட்டுவதற்கு எண்ணெய் நல்லது.

## வயரில் கைவைப்பது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேசைக் கணினியில் பெரிய ஃபேனுக்கு ரெசிஸ்டர் போட்டு அமைதியாக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அங்கே ஃபேன் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், குறைத்தாலும் சிப் கவலைப்படாது. லேப்டாப்பில் அந்த உபரியே கிடையாது.

பெரும்பாலான லேப்டாப் ஃபேன்கள் 5 வோல்ட். ஒரு சிலிகான் டையோடு போட்டால் சுமார் 0.7 வோல்ட் விழும், ஃபேனுக்கு 4.3 போய்ச்சேரும். ரெசிஸ்டர் என்றால், 0.4 ஆம்பியர் இழுக்கும் ஃபேனில் 1 வோல்ட் குறைக்க 2.5 ஓம் வேண்டும். அந்த ரெசிஸ்டர் 0.4 வாட் வெப்பம் உமிழும், கையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் அதற்குத் தாங்காது. ஏற்கெனவே சூடான பெட்டிக்குள் இன்னொரு சூடு.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். உண்மையான சிக்கல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கண்ட்ரோலர் ஃபேனின் சுற்று எண்ணிக்கையைப் படித்துக்கொண்டே இருந்தால், 3,000 வேண்டிய இடத்தில் 2,600 சுற்றுவதைக் கண்டதும் கட்டளையைக் கூட்டி மறுபடி 3,000க்குக் கொண்டுவந்துவிடும். படிக்காமல் வெப்பநிலையை மட்டும் பார்க்கும் ரகமாக இருந்தால், காற்று குறைந்து வெப்பம் ஏறி, பட்டியலில் அடுத்த படிக்குத் தாவும். எப்படிப் பார்த்தாலும் நடுத்தர வேகங்களில் நீங்கள் சாதித்தது கொஞ்சம்தான். உண்மையில் வெட்டுப்படுவது உச்ச வேகம் மட்டும். அதாவது சிப்புக்குக் காற்று மிகவும் தேவைப்படும் அந்த நேரம். அப்போது சிப் 95, 100 டிகிரியைத் தொட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே வேகக் குறைப்பை வாட் வரம்பால் செய்திருந்தால் இவ்வளவு சூடும் இருந்திருக்காது, சாலிடரிங் அயர்னும் தேவைப்பட்டிருக்காது.

நான்கு வயர் ஃபேனில் வேகக் கட்டளை பிடபிள்யூஎம் வயரில் தனியாக வருகிறது. மின் வயரில் ரெசிஸ்டர் போட்டால் ஃபேனுக்குள் இருக்கும் மின்சுற்றுக்கும் சேர்த்தே மின்னழுத்தம் குறைந்து, சுற்று எண்ணிக்கை சரியாக வராமல் போகலாம். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் ஓடும், நின்றது மறுபடி கிளம்பாமல் போகலாம். அப்போது திங்க்பேட் திரையில் ஃபேன் பிழை என்று காட்டி அணைந்துவிடும், ஹெச்பியில் 90பி என்ற பிழைச் செய்தி வரும். மென்பொருளால் தொடவே முடியாத ஒரு பழைய லேப்டாப்பில், முழு வேகத்திலேயே ஓடும் ஃபேன் என்றால் மட்டும் டையோடை யோசிக்கலாம். அதற்கு வெளியே எனக்கு நியாயம் தெரியவில்லை.

## அடிமூடியில் துளை

இதை ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். ஃபேனுக்கு நேர் கீழே மூடி முழுசாக அடைத்திருந்தால், துளை காற்றின் தடையைக் குறைக்கும், அதே குளிர்ச்சிக்குக் குறைந்த சுற்று போதும். சோதிப்பதும் எளிது: அடிமூடியைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைச் சற்று உயர்த்தி வைத்து, அதே வேலையைக் கொடுத்து வெப்பநிலையைப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் துரப்பணத்தை எடுக்க வேண்டாம்.

சில மாடல்களில் அந்த அடைப்பு வேண்டுமென்றே வைத்தது. காற்று எஸ்எஸ்டி, மின்சுற்றுப் பாகங்கள் வழியாகச் சுற்றி வந்து ஃபேனில் நுழையட்டும் என்ற திட்டம். நேர் வழி திறந்தால் சிப் குளிர்ந்து மற்றவை சூடாகும். செய்வதென்றால் உபரி அடிமூடி ஒன்றை வாங்கி, அதைத் தனியாக வைத்துத் துளையிட்டு, பிசிறில்லாமல் துடைத்து, மெல்லிய வலை ஒட்டி மாட்டுங்கள். அசல் மூடி அப்படியே இருக்கும்.

## ஸ்டாண்டும் கூலிங் பேடும்

பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் அடியில் காற்று தாராளமாக நுழையும். செலவு கிட்டத்தட்ட இல்லை, உடனே செய்யலாம். ஃபேன் வைத்த கூலிங் பேடில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒரு சத்தத்தைக் குறைக்க இன்னொரு சத்தத்தை வாங்குவதுபோல் ஆகிவிடுகிறது. சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து அடிப்பகுதியை மூடிக் காற்றை அழுத்தும் வகைகள் நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் அவற்றின் சத்தம் அதிகம்.

## யாருக்கு எது

எழுத்து, அலுவலக வேலை, உலாவி என்று பயன்படுத்துபவருக்கு வாட் வரம்பும் ஃபேன் கர்வும் போதும், திருகாணியைத் தொடவே வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு ஓடிய லேப்டாப் என்றால் அதற்கு முன்னால் சுத்தம். கரகரப்பு கேட்டால் புது ஃபேன், தள்ளிப்போடாமல். உத்தரவாதக் காலத்தில் இருந்தால் எதையும் பிரிக்கும் முன் அதன் விதியைப் படித்துவிட்டு, கரகரப்பைக் காணொளியாக எடுத்து அவர்களிடமே கொண்டுபோங்கள். சர்வீஸில் கொடுக்கும் அன்று பார்த்து ஃபேன் சமர்த்தாக இருக்கும்.

சிக்கலான ஆள், மெல்லிய கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர். சிபியுவும் ஜிபியுவும் (கிராஃபிக்ஸ் சிப்) சேர்ந்து 100 வாட்டுக்கு மேல் உமிழும்போது, இரண்டு சென்டிமீட்டர் உடலுக்குள் அதை அமைதியாக வெளியேற்ற எந்த வித்தையும் இல்லை. திரையின் ஃபிரேம் எண்ணிக்கையை 60இல் கட்டிப்போட்டால் ஜிபியு கணிசமாக இளைப்பாறும். முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் வெளித்திரை, தனிக் கீபோர்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும், அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. நீளமான கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பை மேசையின் மறுகோடிக்கோ மேசைக்கு அடியிலோ அனுப்பிவிடுங்கள், காற்றோட்டம் தடைபடாத இடமாகப் பார்த்து.